மசித்தது யார் கை?

அமெரிக்காவில் ஒருவர் வடக்கத்தியரா, தெற்கத்தியரா என்று தெரிந்துகொள்ள அவருடைய பேச்சைக் கவனிக்க வேண்டியதில்லை. நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை, நன்றி சொல்லும் திருநாளன்று, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தால் போதும். வடக்கே என்றால் பரங்கிக்காய்ப் பை. தெற்கே, அதிலும் கறுப்பின மக்களின் வீடுகளில், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை.

பை என்றதும் துணிப்பையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மைதாவும் வெண்ணெயும் கலந்த மாவை வட்டமாகத் தேய்த்து, ஆழமான தட்டில் பதித்து, அதில் இனிப்புக் கலவையை ஊற்றி ஓவனில் வைத்து எடுக்கும் பண்டம் இது. மேலே மூடி கிடையாது. செம்பழுப்பு நிறம். தஞ்சாவூர்க்காரியான எனக்கு, முதல் விள்ளலிலேயே திருவையாற்று அசோகாவின் இளக்கம் நினைவுக்கு வந்தது. ஆனால் நெய் வாசனைக்குப் பதில் ஜாதிக்காய் வாசனை.

இந்தப் பண்டம் பிறந்த கதை இனிப்பானது அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் தங்கள் ஊரில் சாப்பிட்டது யாம் என்ற கிழங்கை. நம் பெருவள்ளிக் கிழங்கின் இனம் அது. வந்து இறங்கிய மண்ணில் கிடைத்ததோ சர்க்கரைவள்ளி. இரண்டுக்கும் உறவே இல்லை. சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. ஆனாலும் ஊர்க் கிழங்கின் இடத்தில் இதை வைத்துக்கொண்டார்கள். பெயரையும் கொடுத்தார்கள். இன்றும் அமெரிக்கக் கடைகளில் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியை 'யாம்' என்றுதான் விற்கிறார்கள்.

அடிமைகளின் குடிசையில் ஓவன் ஏது? கிழங்கை அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டார்கள். எஜமானரின் பெரிய வீட்டுச் சமையலறையில் ஓவன் இருந்தது; மாவும் வெண்ணெயும் முட்டையும் ஜாதிக்காயும் இருந்தன. பை செய்யும் முறை ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தது. அந்தச் சமையலறையில் வெந்தவர்களும் இதே குடிசைக்காரர்கள்தான்.

அவர்களில் ஒருவர் அபி ஃபிஷர். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பிறகு அலபாமாவின் மொபீல் நகரில் வாழ்ந்து, விடுதலைக்குப் பின் மேற்குக் கரைக்குப் போனார். 1881-இல் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய சமையல் புத்தகம் வெளியானது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். சர்க்கரைவள்ளிப் பையும் அதில் இருக்கிறது. கலவையில் ஆரஞ்சுச் சாறு பிழிந்து, தோலையும் துருவிச் சேர்க்கச் சொல்கிறார்.

என் கணவரின் வேலை காரணமாக 2014-லும் 2015-லும் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். கறுப்பினப் பெண்மணி, எழுபதை நெருங்கியவர். பை செய்யக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அடித்தட்டு மாவு கடையிலேயே தயாராகக் கிடைக்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

"கிடைக்கிறது, ஹனி. ஆனால் அது யார் கை என்று தெரியாதே" என்றார்.

அந்தக் கையை எனக்குக் காட்டினார். 175 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் 100 கிராம். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி விரல் நுனியால் மட்டும் மாவோடு உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, சூட்டில் உருகிவிடும். பட்டாணி அளவில் வெண்ணெய்த் துணுக்குகள் ஆங்காங்கே தெரிய வேண்டும். ஓவன் சூட்டில் அவற்றிலுள்ள ஈரம் ஆவியாகி மாவை ஏடு ஏடாகப் பிரிக்கும். ஐஸ் தண்ணீர் மூன்று அல்லது நான்கு மேஜைக்கரண்டி. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது பெரிய சோதனை. பிசையவே கூடாது, சேர்த்துப் பிடித்தால் போதும். அரை மணி நேரம் குளிரில் வைத்துவிட்டுத் தேய்த்துத் தட்டில் பதித்து, மேலே ஒரு காகிதம் விரித்து, அதன்மேல் ராஜ்மாவைக் கொட்டி, 200 டிகிரியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். ராஜ்மா பாரத்துக்காக. இல்லையென்றால் மாவு பூரி மாதிரி உப்பிக்கொள்ளும்.

டெல்லிக்குத் திரும்பிய பிறகும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பை செய்கிறேன். கிழங்குக்குப் பஞ்சமில்லை. டிசம்பர் வந்தால் தெருமுனைகளில் தள்ளுவண்டியில் கரி அடுப்பு வைத்து ஷக்கர்கந்த் சுடுகிறார்கள். தோலுரித்துத் துண்டு போட்டு, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து இலைத் தொன்னையில் தருவார்கள். எங்கள் தெருமுனையில் நிற்பவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். அவரிடம் சுட்ட கிழங்கை மசாலா இல்லாமல், முழுசாக, ஒரு கிலோ கேட்டு வாங்குகிறேன். முதல் வருடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது கேட்காமலே எடுத்து வைக்கிறார்.

இதில் சோம்பேறித்தனம் இல்லை, விஷயம் இருக்கிறது. கிழங்கிலுள்ள அமைலேஸ் என்ற நொதி, சுமார் 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. குக்கரில் வைத்தால் சூடு சட்டென்று ஏறி, அந்த நொதி வேலையை முடிப்பதற்குள் செயலிழந்துவிடும். கரித் தணலில் மெல்லச் சூடேறும் கிழங்குக்கு நேரம் கிடைக்கிறது. சாம்பலில் சுட்டவர்களுக்கு நொதியின் பெயர் தெரியாது. ருசி தெரிந்திருந்தது.

சுட்ட கிழங்கை மசிப்பது இரண்டாள் வேலை. நார் இல்லாமல் இருக்கச் சல்லடையில் தேய்த்து இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் பிகாரிலிருந்து வந்தவர். அவருடைய கை என் கையைவிட வலுவானது. அவர் தேய்த்துக் கொடுப்பார், நான் கலப்பேன். மசித்த கிழங்கு 450 கிராம், உருக்கிய வெண்ணெய் 75 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், முட்டை மூன்று, பால் 150 மில்லி, ஜாதிக்காய்த் தூளும் பட்டைத் தூளும் அரை அரை டீஸ்பூன், கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான். கலவையைத் தட்டில் ஊற்றி 175 டிகிரியில் ஐம்பது நிமிடம். ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிட வேண்டும். மீதியைத் தட்டின் சூடே பார்த்துக்கொள்ளும். விட்டால் நடுவில் வெடிப்பு விழும்.

அந்த ஐம்பது நிமிடத்தில் மான்ட்கோமரிப் பெண்மணி கதை சொல்வார். 1955 டிசம்பர் 1-ஆம் தேதி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது அந்த ஊரில்தான். டிசம்பர் 5-ஆம் தேதி தொடங்கி 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. என் சிநேகிதியின் தாயார் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்காரி. தினமும் நடந்து போய் நடந்து வந்தார். பையும் ரொட்டியும் அவர் கையால் மேஜைக்குப் போகும். அவர் மட்டும் பின்வாசல் வழியாக வந்து, சமையலறையில் நின்றபடி சாப்பிட வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்காகக் கார்கள் ஓடின. பெட்ரோலுக்குப் பணம் வேண்டுமே? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி சில பெண்களைச் சேர்த்துக்கொண்டார். கேக்கும் சர்க்கரைவள்ளிப் பையும் செய்து விற்றார்கள். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு. பணம் போராட்ட நிதிக்குப் போனது. குழுவின் பெயர் 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்கிற மாதிரி அர்த்தம் தரும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லலாம். யார் வேலையும் போகாது. ஆனால் கில்மோரின் வேலை போய்விட்டது. 1956-இல் மார்ட்டின் லூதர் கிங் மீது நடந்த வழக்கில் அவர் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு கிங்கின் ஊக்கத்தில் வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்தார். அந்தச் சாப்பாட்டு மேஜையில் கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 1990-இல் இறக்கும் வரை அவர் சமையலை விடவில்லை.

அதே கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்' என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்துபோனதாகவும், யோசித்தபோது அது உண்மைதான் என்று பட்டதாகவும் 1965-இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார்.

உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்கத் தெற்கில் சமைக்கிற கை வேண்டும், ஆள் வேண்டாம். நம் ஊரில் கையே வேண்டாம். எங்கள் கிராமத்தில் வள்ளிக் கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்து கொல்லையில் குவித்தவர்கள் யாரென்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சைக் கிழங்குக்குத் தோஷமில்லை. வெந்த பிறகு அவர்கள் கை படக் கூடாது. வடக்கே இதை இன்னும் நுணுக்கமாக வகுத்திருக்கிறார்கள். தண்ணீரில் வெந்தது கச்சா, நெய்யில் பொரிந்தது பக்கா. பக்கா என்றால் பலர் கையிலிருந்தும் வாங்கலாம், கச்சா என்றால் கூடாது. ஓவனில் வெந்த பை எந்தப் பக்கம் சேரும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

சாஸ்திரம் சொல்லாததை எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஒரு பெண்மணி சொன்னார். படித்தவர், நல்ல உத்தியோகம். முட்டை விஷயத்தில் ஆட்சேபணை இல்லாதவர். 2019 ஜனவரியில் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசனை பிரமாதம் என்றார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கிழங்கை மசித்தது யார் என்று சொன்னேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மசித்தது அவள் கையா?" என்றார்.

கேள்வி அதேதான். மான்ட்கோமரியில் அது ஒரு முகத்தைத் தெரிந்துகொள்வதற்கான கேள்வி. இங்கே அந்த முகத்தை வாசலில் நிறுத்துவதற்கான கேள்வி. நான் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாடிக் குடியிருப்பின் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை, ஊர்க்காரர்கள் எதிர்ப்புக் காட்டி வேலை செய்ய விடவில்லை. 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த உணவை மற்ற ஜாதி மாணவர்கள் தொட மறுத்தார்கள். தட்டை நகர்த்தி வைக்க அந்தப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கும், அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

அதனால் இப்போதெல்லாம் பையைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: கிழங்கைச் சுட்டது தெருமுனை வண்டிக்காரர், மசித்தது எங்கள் வீட்டில் வேலை செய்பவர், கலந்தது நான். முழுக்க முழுக்க என் கையால் செய்தது என்று பெருமையடிக்க இதில் இடமே இல்லை. கேட்டுவிட்டு வாங்குகிறவர்கள் வாங்கட்டும். பெரும்பாலோர் வாங்குகிறார்கள். ஒரு சிலர் வயிறு சரியில்லை என்கிறார்கள்.

பையை முழுவதும் ஆறவிட வேண்டும். மறுநாள் ருசி இன்னும் கூடும். எட்டுத் துண்டு வரும். முதல் துண்டு மசித்தவருக்கு. எங்கள் மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஆரம்பத்தில் சங்கடப்பட்டார். இப்போது, "தீதி, இந்தத் தடவை ஜாதிக்காய் தூக்கல்" என்கிறார். இரண்டாவது துண்டு தெருமுனைக்குப் போகும். வண்டிக்காரர் போன வருடம் நிதானமாக மென்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் எலுமிச்சை பிழிந்திருக்கலாம்."

அபி ஃபிஷர் ஆரஞ்சு பிழிந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த டிசம்பரில் அரை மூடி பிழிந்து பார்க்கப் போகிறேன்.