டிக்கட் வெட்டும் வரை

புதன், இரவு

மத்தியானம் எங்கள் தேயிலை மலையில் குளவி கலைந்துவிட்டது. நிழல் மரத்துக் கூட்டைப் பருந்து கொத்தியதாம். கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓட, அம்மாவால் ஓட முடியவில்லை. படங்கில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து, தோட்டத்து லொறியில் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்து சேர்ந்தபோது கண்ணும் உதடும் வீங்கி, யாரோ போலக் கிடந்தார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகு மூச்சு சீராகிவிட்டதாம். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு 2017 மே மாதம் திறந்த கட்டடம் இது. பக்கத்தில் இருக்கிறதே என்று இன்று மனதாரக் கும்பிட்டேன்.

இரவு முறைக்கு வந்த தாதி மிஸ் முதலில் அம்மாவின் கொண்டையை அவிழ்த்தார். மயிரை வகிடு வகிடாகப் பிரித்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். தலைக்குள் படும் கொட்டு யார் கண்ணிலும் படாதாம். தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போகும், குளவி விடாது; அதனால் ஒரே குளவி பல தடவை கொட்டும் என்றார். ஒவ்வொரு இடத்தையும் எண்ணி எழுதிக்கொண்டார்.

வியாழன்

விடியும் வரை மிஸ் அளந்தது அம்மாவின் சிறுநீரை. நிறைய இடத்தில் கொட்டினால் விஷம் தசையையும் இரத்த அணுக்களையும் உடைக்கும். உடைந்தது போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். அம்மாவின் எடைக்கு மணிக்கு 25 மில்லிலீற்றராவது போக வேண்டும். மூன்று மணிக்கு வந்தது சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. மிஸ் உடனே டொக்டரை எழுப்பினார், சேலைன் கூட்டினார்கள். வீக்கம் இறங்கியதைப் பார்த்து நாங்கள் நிம்மதியாகத் தூங்கிய நேரம் அது. தாதியரின் அன்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த அன்புக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது!

வெள்ளி

வீட்டுக்கு விடச் சொல்லிக் காலையிலேயே அம்மா தொடங்கிவிட்டார்: "டிக்கட் வெட்டித் தாங்க மிஸ், மலைக்குப் போகணும்." அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக ஏறியது, ஆனால் வேலைக்குப் பேர் விழாத நாளில் எதுவும் இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னால் அதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் எத்தனை பேர், யார் யார் பேர் போடுகிறார்கள், கடைக் கடன் எவ்வளவு என்று கேட்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு நாள் பொறுங்கம்மா. இப்ப போனா நீங்க திரும்பி வாறது கண்டிக்கு, இரத்தம் சுத்திகரிக்க."

அம்மா வாயை மூடிக்கொண்டார். அவர் கணக்குக்கு இன்னொரு கணக்கால் பதில் கிடைத்துவிட்டது.

வேலைத்தளக் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு. அறிக்கையில் 'கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டியது' என்று தெளிவாக எழுதும்படி மிஸ் டொக்டரிடம் கேட்டுக்கொண்டார். இதை எந்த வைத்தியப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு

சிறுநீர் தெளிந்துவிட்டது. இரத்தப் பரிசோதனையும் சரி. டிக்கட் வெட்டும்போது மிஸ் என்னிடம், "தங்கச்சி, நீங்க டீச்சர்தானே? லயத்துப் பொம்பளைகளுக்குச் சொல்லுங்க" என்றார். தலை சுற்றினால் உட்கார வைக்கக் கூடாது, படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம். கொட்டிய நேரத்தை யாராவது குறித்துக்கொண்டு வர வேண்டும்.

நாளைக் காலை வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக் களத்தில் இதைச் சொல்லத் தோட்டத்து ஐயாவிடம் அனுமதி கேட்கப் போகிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.