மரிக்கொழுந்தின் உறவுக்காரி

மல்லிகையோடு ஒரு கொத்து மரிக்கொழுந்தும் சேர்த்து வாங்காத பெண் நம்மில் உண்டா? அதே மரிக்கொழுந்தின் இனத்தில் பிறந்த ஒரு சீனத்துச் செடிதான் இன்று மலேரியாவுக்கு முக்கிய மருந்தைத் தருகிறது. என் நாத்தனார் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் இது எனக்குத் தெரிய வந்தது.

ஒடிசாவில் வேலை பார்க்கும் பையன் அவன். சென்ற வருஷம் லீவில் வந்த இடத்தில் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. ரத்தப் பரிசோதனையில் மலேரியா, அதிலும் மூளையைத் தாக்கக்கூடிய வகை. டாக்டர் மூன்று நாளைக்கு மாத்திரை எழுதி, "இது செடியிலிருந்து வந்த மருந்தும்மா" என்றார்.

மறுநாளே காய்ச்சல் இறங்கிற்று. நாத்தனார் ஆரம்பித்துவிட்டார். "பச்சிலைதானாமே! மீதி மாத்திரை எதுக்கு? வேப்பங்கொழுந்துக் கஷாயம் வெச்சுக் குடுத்தாப் போதாதா?"

"அண்ணி, காய்ச்சல் விட்டாலும் ரத்தத்துல கிருமி மிச்சம் இருக்கும். மூணு நாளும் முழுசா முடியட்டும்" என்று நான் பிடிவாதமாக நின்றேன். பிறகு அந்தச் செடியின் கதையைத் தேடிப் படித்தேன்.

து யூயூ என்ற சீனப் பெண்மணி 1969-ல் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். மூலிகைகளைப் பலவிதமாகச் சோதித்தும் பலன் நிலைக்கவில்லை. சுமார் 1600 வருஷத்துக்கு முந்திய வைத்திய நூல் ஒன்றில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூட்டில்தான் மருந்து கெடுகிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. ரசத்தை இறக்கிய பிறகுதானே நாம் கொத்தமல்லி போடுகிறோம்? ஈதரைக் கொண்டு குறைந்த சூட்டில் சாற்றை எடுத்தார். 1971 அக்டோபரில் அது எலிகளின் உடம்பிலிருந்த மலேரியாக் கிருமியை அடியோடு ஒழித்தது. 1972-ல் முதலில் தானே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் பெயர் ஆர்ட்டிமிசினின்.

இதற்கும் முன்னோடி உண்டு. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் க்வினைனைப் பிரித்தார்கள். நம் நீலகிரியிலும் அந்த மரத்தைத் தோட்டமாகப் போட்டார்கள்.

ஆகவே பச்சிலையில் மருந்து இருப்பது நிஜம். ஆனால் கஷாயத்தில் எத்தனை இறங்கியது என்று யார் அளப்பது? அளவு குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். அந்தச் சீனச் செடியையே டீயாகப் போட்டு மலேரியாவுக்குக் குடிக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சி விழட்டும் என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டவே வேண்டாம். அதனால் வாந்தி, வலிப்பு கண்டு மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. உயிரே போனதும் உண்டு. ஒரு வயதுக்கு மேல் பூச்சி மாத்திரை இருக்கிறது: இரண்டு வயது வரை 200 மில்லிகிராம் அல்பெண்டசோல், அதற்கு மேல் 400. 2015 முதல் குடற்புழு நீக்க நாளன்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள். ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நாத்தனார் மகன் மூன்று நாள் மாத்திரையையும் முடித்தான். மறுபடி பரிசோதித்ததில் ரத்தத்தில் கிருமி இல்லை. இப்போது ஊருக்குக் கிளம்பும்போது அவன் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கொசுவலையையும் மடித்து வைக்கிறார் நாத்தனார்.