பாதி என்று வந்தால்

அறிக்கை வாங்க வரும் பிள்ளைகள் அம்மாவின் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்பது, "எங்களுக்கும் வருமா டாக்டர்?" நுரையீரல் புற்றுநோய், தாளில் 'ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம்' என்றிருக்கும். மரபணு என்றதும் பரம்பரை என்று பயந்துவிடுகிறார்கள். அநேகமாக எப்போதுமே அது நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில், பிறந்து வளர்ந்த பிறகு நேர்ந்தது. கருமுட்டைக்கு அது போனதே இல்லை.

இதைச் சொல்ல, மரபணுப் பிரதிகளில் எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று டிஎன்ஏவைப் படிக்கும் கருவி தரும் எண் மட்டும் போதாது. மெழுகு பிளாக்கில் சீவிய திசுவை முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கட்டி இருக்கும் இடத்தை ஸ்லைடின் மேல் மார்க்கரால் வளைப்பேன். அந்த வளையத்துக்குள்ளும் ரத்தக்குழாய், அழற்சிச் செல்கள் எல்லாம் கலந்திருக்கும். நூற்றில் நாற்பது கட்டிச் செல் என்று கண் சொன்னால், இரு பிரதியில் ஒன்று மாறியிருக்கும்போது 20 சதவீதம் வர வேண்டும். இந்தக் கண்மதிப்பு இல்லாமல் படிக்கும் எண்ணை நான் நம்புவதில்லை.

அதே ஈஜிஎஃப்ஆரில் டி790எம் என்றொரு மாற்றம் உண்டு. வழக்கமாக ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை தின்று, அதற்குக் கட்டி பழகிய பிறகே தலைகாட்டும். மாத்திரையே தொடாதவரிடம் 1 சதவீதம் வந்தால் எனக்கு ஃபார்மலின் மேல்தான் சந்தேகம். அதில் ஊறிய திசுவில் சைட்டோசின் சிதைந்து யுராசில் ஆகிவிடும். கருவி அதைத் தைமின் என்று படித்துவிடும். டி790எம்மும் அதே எழுத்து மாற்றம்தான். பழைய பிளாக் என்றால் கேட்கவே வேண்டாம், புளுகும். அதே ஆளிடம் 50 வந்தாலோ நிமிர்ந்து உட்கார வேண்டும்: உடம்பின் எல்லாச் செல்லிலும் பிறவியிலிருந்தே இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் அப்படிக் குடும்பங்கள் உண்டு. ரத்தம் கேட்டு அனுப்புவோம்.

ரத்தத்தில் இருந்தால் பிறவியிலேயே வந்தது என்று முடித்துவிட முடிந்தால் எவ்வளவு சுலபம்! வயதானவர்களின் எலும்பு மஜ்ஜையில் ஒரே ஸ்டெம் செல்லின் வாரிசுகள் பெருகி, டிஎன்எம்டி3ஏ, டெட்2, சமயத்தில் டிபி53 மரபணு மாற்றங்களைக் கூடச் சுமந்து ரத்தத்தில் திரியும். அவையும் வாழ்நாளில் வந்தவையே. எழுபது வயதுக்காரர் ரத்தத்தில் டிபி53 மாற்றம் தெரிந்தால், தோலில் கடுகளவு எடுத்து, ரத்தத்தைச் சேராத ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்த்துப் பார்க்கச் சொல்வேன். வாரக்கணக்கில் ஆகும். சிகிச்சை டாக்டர் போன் மேல் போன் போடுவார், போடட்டும்.