சாம்பல் பத்தி நீ கேட்டதுக்கு

அடி என் ராசாத்தி,

உன் கடுதாசி வந்து நாளாச்சு, பதில் போடலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருப்பே, ஆனா என்ன பண்ணச் சொல்றே, ஓர்ப்படியா அவ அம்மா வீட்டுக்குப் போனவ திரும்பி வர்ற வழியைக் காணோம், மாமியாருக்கு முழங்கால் வலி, அடுப்படியும் மாடுகளும் என் தலையில. சரி, அதை விடு.

காவிரித் தண்ணி பாயிற வண்டல்ல பொறந்தவளுக்கு இந்த ஆலங்குடிச் செம்மண்ணைப் பார்த்தா முதல்ல அழுகைதான்டி வரும். மம்பட்டியைப் போட்டா சரளையில ணங்குன்னு கேக்கும், பெய்யிற மழை சத்தையெல்லாம் கரைச்சுக் கீழே கொண்டுபோயிடும். முந்திரியும் பலாவும் தைலமரமும் எப்படியோ நிக்குதுங்க, சிறுகீரை போட்டாத்தான் விரல் உசரத்துல சோர்ந்து நின்னுபோகும். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணைக் கொடுத்துப் பார்த்ததுல அமிலம் கூடுதல்னு வந்துச்சு. இந்த மாதிரி மண்ணுல மணிச்சத்து இருந்தாலும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடிச்சு வச்சுக்கும், வேருக்கு எட்டாது.

என் மாமியார் இதெல்லாம் யார்கிட்டயும் கேக்காமலே அடுப்புச் சாம்பலைப் பாத்தியில தூவிக்கிட்டிருந்தவங்க. விறகுச் சாம்பல்ல பெரும்பங்கு சுண்ணாம்புதான், அதுதான் மண்ணோட புளிப்பை முறிக்குது. கூடவே நூத்துக்கு அஞ்சு பங்கு போல சாம்பல்சத்து, கொஞ்சம் மணிச்சத்து. தழைச்சத்துதான் கிடையாது, எரியறப்பவே புகையோட போயிடுது. கீரைக்கு முக்கியமா வேண்டியதே அதுதானே? அதனால ஆட்டுக்கிடை போடாம, மக்கின எருவும் இல்லாம, சாம்பலை மட்டும் மூட்டை மூட்டையாக் கொட்டிட்டு கீரை ஏன் தழையலைன்னு கேக்குறவங்களை என்ன சொல்ல!

சாம்பலைச் சலிச்சு, ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராமுக்கு மேல போகாம, விதைக்க ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மண்ணோட கொத்திவிடணும். விதை மேல நேரா விழுந்தா அந்தக் காரத்துல முளை கருகிடும். யூரியா, அமோனியம் சல்ஃபேட் கூடச் சேர்த்தும் போடக் கூடாது, தழைச்சத்து ஆவியாப் போயிடும், மூக்கைத் துளைக்கிற அந்த வாடை அதுதான். மழையில நனைஞ்ச சாம்பலும் அவ்வளவா உதவாது, சாம்பல்சத்து தண்ணியில கரைஞ்சு ஓடிடும், அதனால இங்கே ஓலைக்கூரை ஓரமா ஒரு பழைய பானையிலதான் சேர்த்து வைக்கிறோம். அசுவினி வந்தா காலையில பனி ஈரத்தோட இலையில லேசாத் தூவுவோம், ஆனா பறிச்சதும் நல்லா அலசணும், இல்லாட்டி மசியல்ல நறநறங்கும்.

இப்ப சாம்பலுக்கே பஞ்சம்டி. எல்லா வீட்லயும் கேஸ். 2018 நவம்பர்ல கஜா புயல் பலாவையும் தென்னையையும் வேரோட சாய்ச்சுப் போட்டப்ப, கிடைச்ச விறகை வயித்தெரிச்சலோட எரிச்சோம், அப்ப மட்டும் சாம்பலுக்குக் குறையே இல்லை. இப்ப என் வீட்டுக்காரர், அதான் உங்க அண்ணன், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய் எழுதிட்டு நேரா சமையல்கட்டுக்குப் போய் கோட்டை அடுப்புச் சாம்பலைச் சாக்குல கேட்டு வாங்கிட்டு வர்றாங்க, பட்டுச்சேலையோட நான் அந்த மூட்டைக்குப் பக்கத்துல பஸ்ஸுல உக்காந்து வர்றேன். ரைஸ் மில்லுல சும்மாவே தர்றாங்களேன்னு கேப்பே, அது உமிச் சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா, புளிப்பை முறிக்கிற வேலையெல்லாம் அதுக்குப் பெருசா ஆகாது. பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட் எரிச்ச சாம்பலையும் கிட்டயே கொண்டுபோயிடாதே.

இவ்வளவு சொல்லிட்டு உன்னைப் போடாதேன்னா திட்டுவே. ஆனா திருவையாத்துல உன் கொல்லை மண்ணு வேற, எங்களுது வேற. உன் கிணத்துத் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குதுன்னு நீயேதானே எழுதியிருந்தே? மண்ணும் காரமா இருந்தா சாம்பல் அதை இன்னும் ஏத்திவிட்டுடும், இரும்புச்சத்தை எடுக்க முடியாம கொழுந்து இலையெல்லாம் வெளுத்துப்போகும். மண் பரிசோதனையில pH 7க்குக் கீழே நல்லா இறங்கியிருந்தா மட்டும் யோசி, இல்லாட்டி சாம்பலைப் பாத்திரம் துலக்க வச்சுக்கோ, கீரைக்கு எருவை மட்டும் போடு.

மண்ணு கணக்கு வந்ததும் எழுது. உன் நாத்தனார் பொண்ணு கல்யாணம் எந்த மண்டபம்னும் மறக்காம எழுது, அங்கே விறகு அடுப்பா கேஸ் அடுப்பான்னு உங்க அண்ணன் இப்பவே கேக்குறாங்க.

உன் அன்புள்ள,
ஆலங்குடிக்காரி