பின்னை எங்கே வைப்பது?

டூல் ரூம் தொழிலாளி செய்வது எதுவும் கடைக்கு வராது. வண்டியில் பூட்டும் பாகத்துக்குத் துளை போடும்போது அது இம்மியும் நகராமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்ச்சரைச் செய்கிறவர் அவர். 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டனும் ஓசூரில் ஆலை போட்ட பிறகு, சிப்காட் பக்கம் இப்படிப்பட்ட டூல் ரூம்கள் பெருகின. 2021-ல் போச்சம்பள்ளிக்கு ஓலா ஸ்கூட்டர் ஆலை வந்தது. என்ஜின் போய் பேட்டரி வந்தாலும் பாகத்தைப் பிடிக்க ஒன்று வேண்டுமே!

நான் போன டூல் ரூமில் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். சிக்கலை வரையறு, யோசி, மாதிரி செய், சோதி, திருத்து என்று வடிவமைப்பின் படிகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள். ஃபோர்மேன் ஒரு பிராக்கெட்டை நீட்டினார். "எத்தனை இடத்துல தாங்கினா ஆடாது?"

"நாலு சார்."

"நாற்காலி ஆடும் தம்பி. முக்காலி ஆடுமா?"

அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. 3-2-1 என்று எந்த நாட்டு டூல் ரூமிலும் சொல்லும் கணக்கு.

அடுத்தது நிஜமான தலைவலி. அந்த பிராக்கெட்டைத் திருப்பி வைத்தாலும் ஃபிக்ஸ்ச்சரில் உட்கார்ந்துவிடுகிறது. துளை தப்பான பக்கம் விழுந்து, பாகம் ஸ்கிராப்புக்குப் போகிறது. "பார்த்து வைக்கவும்னு போர்டு மாட்டலாம் சார்" என்றான் ஒரு பையன். "நைட் ஷிப்ட்டுல மூணு மணிக்கு எவன்டா போர்டு படிப்பான்?" கடைசியில் ஒரு மாணவி, திருப்பி வைத்தால் இடிக்கும்படி கூடுதலாக ஒரு பின் வைத்தாள். மெஷின் ஓட்டும் அக்கா போட்டுப் பார்த்துவிட்டு, "துளை போடுறப்ப வர்ற சுருள் இங்கேயே அடைச்சுக்குதும்மா" என்றார். பின் விரற்கடை தள்ளிப் போனது.

1961-ல் ஜப்பானில் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ செய்ததும் இதே வகைதான். சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் சிலசமயம் ஒன்றை மறந்தார்கள். முதலில் இரண்டையும் எடுத்து ஒரு சின்னத் தட்டில் வையுங்கள் என்றார். தட்டில் மிச்சம் இருந்தால் மறந்தது தெரிந்துவிடும். ஆளைத் திட்டுவதை விட இது மலிவு. நம் ஆலைகள் பலவற்றில் இன்னும் திட்டுதான் முதல் மருந்து.

அந்த மாணவியின் வீடு பாகலூர் பக்கம், ரோஜாத் தோட்டம். ஷிங்கோ கதையைக் கேட்ட சூட்டில், இருபது பூ கொண்ட கட்டில் எண்ணிக்கை தவறாமலிருக்க இருபது பள்ளம் வெட்டிய பலகையோடு அம்மாவிடம் போயிருக்கிறாள். அம்மா சிரித்தாராம். பிடிக்கு ஐந்தாக நாலு பிடி. அவர் கை எண்ணிக்கையில் தவறியதே இல்லை. நேரம் போவது மொட்டுகளை ஒரே மட்டத்தில் நிறுத்தி, காம்பின் அடியைச் சமமாக வெட்டுவதில். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, மகளும்தான். சிக்கலை வரையறு என்ற முதல் படியை ஒப்பிப்பது சுலபம். அதைச் செய்ய, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டாவது கட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் மறுபடி போன அன்று அவளுடைய இரண்டாவது பலகை மேசைமேல் இருந்தது. மேலே மொட்டுகள் மோதி நிற்க ஒரு தடுப்பு, கீழே கத்தி ஓட ஒரு வெட்டு. ஃபோர்மேன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காம்பு பக்கெட்லேர்ந்து ஈரமா வருமே. தண்ணி எங்க போகும்?"

அவள் டிரில்லிங் மெஷின் பக்கம் போனாள்.