கேகாலையில் ஒரு கொக்கோப் பாடம்

இலங்கையிற் கோப்பிப் பயிரை 1869இல் தோன்றிய இலைநோய் வீழ்த்தியபின், தோட்டங்களிற் பரவிய பயிர்களுள் கொக்கோவும் ஒன்று. கேகாலைப் பக்கத்தில் அம்மரங்கள் இன்றுமுண்டு.

அங்கே ஒரு தோட்டத்தில் சொக்கலேற் செய்யக் கற்பிக்கின்றனர் எனக் கேள்வியுற்று, மாணவர் சிலருடன் சென்றோம். வறுத்த விதையின் தோலை நீக்கி அம்மியில் அரைத்தோம். மாவாகாது குழம்பாயிற்று, பருப்பிற் பாதியளவு கொழுப்பல்லவா! சீனி சேர்த்ததும் பாடம் முடிந்தது.

ஆயினும் சுவை பிறக்குமிடம் அம்மியன்று. பச்சை விதையை அதன் வெண்சதையுடன் வாழையிலையில் மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவைக்க வேண்டும். அங்கு பிழைத்தால் பின்பு எவ்வளவு சீனியிட்டும் பயனில்லை. அதைக் கவனிப்பவர் தோட்டத்து மூதாட்டி ஒருவர். பாடத்தில் அவரைப்பற்றிப் பேச்சேயில்லை.

"பதம் எப்படித் தெரியும், அம்மா?" என்றோம்.

"முதல்ல கள்ளு வாசம் வரும் ஐயா. அது வினாகிரி வாசமா மாறையில கிளறணும்."

மதுசாரம் அமிலமாகும் முறையை இரசாயன நூலும் இவ்வாறே கூறும். மாணவர் குறிப்பேட்டைத் திறந்தனர். வகுப்புக் கட்டணத்தில் அவருக்குப் பங்குண்டோ என வினவினோம்.

"நாட்சம்பளந்தான், ஐயா" என்று இலையை மூடினார்.