எட்டிக்கொட்டை பிடித்துக் கொடுத்த புரதம்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கோவில்காடுகளில் எட்டி மரம் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிறத்தில் பார்க்க ஆசையாகப் பழம் இருக்கும், ஆனால் யாரும் பறிக்க மாட்டார்கள். உள்ளே சட்டைப் பட்டன் மாதிரி தட்டையாகச் சாம்பல் நிறக் கொட்டைகள். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்துதான் சேர்ப்பார்கள். அந்தக் கொட்டையில் இருக்கும் விஷத்துக்குப் பெயர் ஸ்ட்ரிக்னைன். பிரான்சில் பெல்லெட்டியே, காவென்டூ என்ற இருவர் 1818ல் இதைத் தனியாகப் பிரித்தார்கள். அவர்கள் எடுத்தது எட்டியின் உறவுக்கார மரம் ஒன்றின் விதையிலிருந்து. நம்மூர் எட்டியிலும் அதே சரக்குதான்.

இந்த விஷம் உடம்புக்குள் போனால் தசையெல்லாம் முறுக்கிக்கொண்டு இழுப்பு வரும். காரணம் என்னவென்றால், நம் தண்டுவடத்தில் 'போதும் நிறுத்து' என்று நரம்புகளுக்குச் சொல்வது கிளைசின் என்ற பொருள். அது போய் உட்காருகிற இடம் கிளைசின் ஏற்பி. ஸ்ட்ரிக்னைன் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் போன பஸ் கதைதான்.

1982ல் ஜெர்மனியில் ஹைன்ரிஹ் பெட்ஸ் குழுவினர் இதையே தூண்டிலாக்கினார்கள். ஸ்ட்ரிக்னைன் வகையைச் சின்னச் சின்ன மணிகளில் ஒட்டி, ஒரு குழாயில் நிரப்பி, எலித் தண்டுவடத்தைக் கரைத்த சாற்றை அதில் ஊற்றினார்கள். ஏற்பி மட்டும் விஷத்தோடு ஒட்டிக்கொண்டது, மற்றதெல்லாம் வழிந்து ஓடிவிட்டது. பிறகு கிளைசினை ஊற்றி ஏற்பியைக் கழற்றி எடுத்தார்கள். வந்தது மூன்று புரதங்கள். எடை 48, 58, 93 கிலோடால்டன். முதல் இரண்டும் ஏற்பியின் பாகங்கள். 93 மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஆள்!

யார் இந்த ஆள் என்று கண்டுபிடிக்க ஆன்டிபாடி தேவைப்பட்டது. நம் உடம்பு கிருமிக்கு எதிராகச் செய்கிற அதே எதிர்ப்பொருள்தான். ஒரு புரதத்தைச் சுண்டெலிக்கு ஊசி போட்டால் அந்தப் புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டுகிற ஆன்டிபாடியை எலி தயாரித்துத் தரும். அதைத் தயாரிக்கும் செல்லைப் புற்றுச்செல் ஒன்றோடு இணைத்துவிட்டால் சாகாமல் தயாரித்துக்கொண்டே இருக்கும். கோலரும் மில்ஸ்டைனும் 1975ல் கண்டுபிடித்த இந்த வித்தைக்கு 1984ல் நோபல் கிடைத்தது. (பேட்டன்ட் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். எங்கள் துறைக்காரர்கள் கேட்டால் நெஞ்சு வலிக்கும்.)

அதே 1984ல் பெட்ஸ் குழு வெளியிட்ட ஆன்டிபாடிகளில் ஒன்று 93 எடையுள்ள புரதத்தை மட்டும் பிடித்தது. அதன் பெயர் 7ஏ. மறு வருடமே அதை வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்தப் புரதம் நரம்புச் சந்திப்பில், செல் சவ்வுக்கு உள்பக்கமாக, ஏற்பிகளுக்கு அடியில் இருந்தது. ஏற்பிகள் இடம் மாறாமல் பிடித்து வைக்கிற சாரம் மாதிரி. வீடு கட்டும்போது சவுக்குக்கழியில் கட்டுவார்களே, அந்தச் சாரம். 1992ல் அதற்கு ஜெஃபிரின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் பாலம் என்று பொருள்.

இதுவரை அறிவியல். பி.காம் படிக்கிற எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் சுவாரசியம்.

ஆன்டிபாடி இன்று உலகச் சந்தையில் விற்கிற சரக்கு. குப்பியின் லேபிளில் 'ஜெஃபிரின்' என்று இருந்தால் அது ஜெஃபிரினைத்தான் பிடிக்கிறதா என்று யார் தணிக்கை செய்வது? நல்ல சோதனை ஒன்று உண்டு. ஜெஃபிரின் மரபணுவையே நீக்கிய எலியில் போட்டுப் பார்ப்பது. அப்படிப்பட்ட எலிகளை 1998ல் உருவாக்கினார்கள், பிறந்த ஒரு நாளுக்குள் அவை செத்துப்போயின. புரதமே இல்லாத இடத்தில் ஆன்டிபாடி 'இருக்கிறது' என்று காட்டினால் அது பொய் வவுச்சர். 2015ல் பிராட்பரி, பிளக்தூன் இருவரும் நூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளின் ஆதரவோடு நேச்சர் இதழில் எழுதினார்கள்: சரியில்லாத ஆன்டிபாடிகளால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டாலர் வீணாகிறது என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் 7ஏ பொய் வவுச்சர் இல்லை. அதன் வில்லங்கம் வேறு. ஜெஃபிரினின் 270வது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. செல் சில சமயம் அதன்மேல் ஒரு பாஸ்பேட் முத்திரை குத்தும். 7ஏ அந்த முத்திரை குத்திய ஜெஃபிரினைத்தான் பார்க்கிறது என்று 2012ல் யோகென் கூஸே உள்ளிட்டோர் காட்டினார்கள். முத்திரை குத்தும் நொதியைத் தடுத்தால் 7ஏ காட்டும் ஒளி மங்குகிறது, புரதம் அங்கேயேதான் இருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். சீல் வைத்த பில்லை மட்டும் எண்ணிவிட்டு கடையின் மொத்த விற்பனை இவ்வளவுதான் என்று எழுதினால் எப்படி இருக்கும்? எண்ணிய பில் ஒவ்வொன்றும் அசல். மரபணு நீக்கிய எலிச் சோதனையிலும் இது மாட்டாது, ஏனென்றால் அங்கே புரதமும் இல்லை, முத்திரையும் இல்லை. இடைப்பட்ட 28 வருடங்களில் இந்த ஒரே ஆன்டிபாடியை நம்பி 'ஜெஃபிரின் குறைந்துவிட்டது' என்று எழுதியிருந்தால், குறைந்தது புரதமா முத்திரையா என்று மறுபடி பார்த்தாக வேண்டும். அதற்காக 7ஏவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முத்திரையை எண்ணத்தான் அது உதவுகிறதே. மொத்தத்தை எண்ண வேறொரு ஆன்டிபாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சரி.

இன்னொரு விஷயம். 2000ல் ஒரு புற்றுநோயாளியைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வந்தது. உடம்பு விறைத்துப்போகும் அரிய நோயும் அவருக்கு இருந்தது. ரத்தத்தைச் சோதித்தால் ஜெஃபிரினுக்கு எதிரான ஆன்டிபாடி! யாரும் ஊசி போடவில்லை, அவர் உடம்பே தயாரித்திருக்கிறது. எட்டி விஷம் தின்றாலும் உடம்பு விறைக்கத்தான் செய்யும்.